இடுப்பளவுத் தாழ்ப்பாள்

மயில்சாமி ஹீட் கன்னைக் கதவில் காட்டிக் காட்டி, பெயின்ட் கொப்பளித்ததும் தகட்டை வைத்து இழுத்தான். சர்ரென்று ஒரு முழ நீளத்துக்கு உரிந்து, சுருண்டு கீழே விழுந்தது. தோலை உரிக்கிறான் பாவி, என்று நினைத்தாள் வசந்தாமணி. கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, ஆறிப்போன டீயைக் கையில் வைத்தபடி வேலை நடக்கிற அழகைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்றுதான் யார் பார்த்தாலும் சொல்வார்கள். அழகாவது மண்ணாவது. அவள் காவல் உட்கார்ந்திருந்தாள். வீட்டில் பதினோரு கதவுகள், அதில் பத்தைப் பற்றி அவளுக்கு ஒரு கவலையும் இல்லை. இந்த ஒன்று, ஸ்டோர் ரூம் கதவு, இது மட்டும் ஒழிந்துபோகட்டும் என்று மூன்று மாதமாக என்னென்னவோ செய்து பார்த்துவிட்டாள். கரையான் அரித்துவிட்டது, தூக்கிப் போடு என்றாள். தம்பி விரல் முட்டியால் தட்டிப் பார்த்து, "பர்மா தேக்கு அக்கா, இன்னும் நூறு வருசம் நிக்கும்" என்றான். தாங்காமல் என்ன, நிற்கத்தான் செய்யும். ஒரு நாள் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்திவிடலாமா என்றுகூட நினைத்தாள், வெறும் நினைப்பல்ல, மண்ணெண்ணெய் இப்போது எங்கே கிடைக்கும் என்று இரண்டு பேரிடம் விசாரித்தாள். கதவைக் கழற்றிச் சுவரில் சாத்தியபோது வெளிப்பக்கம் கூடத்தைப் பார்த்து இருந்தது, அந்தமட்டில் நிம்மதி. ஆனால் வெளிப்பக்கம் முடிந்ததும் திருப்புவான். உள்பக்கத்தில் மூன்று கோட்டு பெயின்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். ஐம்பத்தாறு வருஷமாக அவள் வாயைத் திறந்து சொல்லாததை, கூலிக்கு வந்த ஆசாரி தகட்டால் தோண்டி எடுத்துத் தம்பியின் கையில் கொடுக்கப்போகிறான். அதற்குப் பிறகு அவன் தன்னை அக்கா என்று கூப்பிடுவானா? அவளுக்கு இருந்த கேள்வி அது ஒன்றுதான். பிள்ளை குட்டி இல்லாதவள், புருஷனைத் தின்றவள் என்று ஊர் சொன்னவள், அவளுக்கு இருக்கிற ஒரே உயிர் இந்த நந்தகோபால். பின்னால் பாத்ரூமில் டைல்ஸ் உடைக்கிறவர்கள் சம்மட்டியை ஓங்கி ஓங்கிப் போட்டார்கள். ஒவ்வொரு அடிக்கும் அவள் வலது தோள் தானாக மேலே ஏறி இறங்கியது.

இந்த வீட்டை அப்பா அர்த்தநாரி ஐம்பத்தெட்டில் கட்டினார். பீளமேட்டு மில்லில் வீவிங் மாஸ்டர். மிஷின் பூட்ட வந்த அமெரிக்காக்காரன் ஒருவன் விட்டுப்போன பத்திரிகையில் ஒரு வீட்டின் படத்தைப் பார்த்து, அதைக் கிழித்துப் பையில் வைத்துக்கொண்டு, அதேமாதிரி வேண்டும் என்று கொத்தனாரின் உயிரை எடுத்துக் கட்டியது. மாடி கிடையாது. தாழ்ந்த தட்டைக் கூரை, சாலைக்கு இணையாக நீளமாய் ஓடும், முன்சுவரில் பாதிக்குக் கருங்கல் பதித்து, ஆள் உயரத்துக்கு ஜன்னல். ஊர்க்காரர்கள் ரயில்பெட்டி வீடு என்று சிரித்தார்கள். நந்து முப்பது வருஷம் ஹூஸ்டனில் இருந்துவிட்டு வந்து, "அக்கா, இது ராஞ்ச் ஹவுஸ்! அப்பா அந்தக் காலத்துலயே கோயமுத்தூர்ல ராஞ்ச் ஹவுஸ் கட்டியிருக்கார்!" என்று குதித்தான். ரிட்டயர் ஆனதும் செய்த முதல் வேலை, வாடகைக்கு இருந்த டுட்டோரியல்காரர்களைக் காலி செய்யச் சொன்னது. இடிக்கக் கூடாது, புதுசாக்கக் கூடாது, ஐம்பத்தெட்டில் எப்படி இருந்ததோ அப்படியே வேண்டும். கறுப்பு வட்ட ஸ்விட்சுக்கு உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் ஒன்பது நாள் அலைந்தான். பச்சை மொசைக்கில் உடைந்த இடத்துக்கு அதே பச்சைச் சில்லு கிடைக்காமல் ராஜஸ்தானுக்கு ஆள் அனுப்பினான். போட்டோ ஆல்பத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தான். ஆனால் போட்டோவெல்லாம் கறுப்பு வெள்ளை. அதனால் வண்ணம் கேட்க அக்கா வேண்டும். "அந்த ஜன்னல் என்ன கலர்க்கா? இந்தச் செவுத்துல என்ன மாட்டியிருந்துச்சு? நீதான் சாட்சி, நீ சொன்னாத்தான் உண்டு." அவளுக்குத் திருப்பூரில் தன் வீடு, தன் கட்டில், தன் முருங்கை மரம் எல்லாம் இருந்தது. இவன் கூப்பிட்டால் வராமல் இருக்கத் தெரியவில்லை. வந்து, ஜன்னல் கிளிப்பச்சை என்றாள், ரேடியோ அலமாரி இங்கே என்றாள், கேட்டதற்கெல்லாம் சரியாகத்தான் சொன்னாள். சொல்லச் சொல்ல வீடு பழையபடி எழுந்து நின்றது. ஒவ்வொரு ஸ்விட்சும் ஒவ்வொரு கம்பியும் அதன் இடத்தில் வந்து உட்கார்ந்தது. இனி அடிக்க ஆள் மட்டும்தான் வேண்டும்.

ரேடியோ அலமாரிக்குப் பக்கத்துச் சுவரில் அந்தக் கொக்கி இருக்கிறது. இரும்புக் கொக்கி, விரல் தடிமன், அப்பா மில் பட்டறையில் தானே அடித்துக் கொண்டுவந்தது. டுட்டோரியல்காரர்கள் அதில் காலண்டர் மாட்டியிருந்தார்கள். நந்து துருவைத் தேய்த்து எண்ணெய் போட்டு, "அப்பா தொப்பி மாட்டற கொக்கி" என்று அவனாகவே முடிவு கட்டி, எங்கிருந்தோ ஒரு பழைய சோலா தொப்பியையும் வாங்கி மாட்டிவிட்டான். அப்பா ஜென்மத்தில் தொப்பி போட்டதில்லை. அதில் தொங்கியது பெல்ட். இடுப்பில் கட்டுகிற பெல்ட் இல்லை, மிஷின் ஓட்டுகிற தோல் பெல்ட்டில் கழித்துப்போட்ட துண்டு, ஒன்றரை முழம், ஓரத்தில் இரண்டு இரும்புக் கொளுவி. சாப்பாட்டில் உப்புக் கூடினால் அதை எடுக்க மாட்டார். அம்மா எதிர்த்துப் பேசினாலும் எடுக்க மாட்டார், அம்மா எதிர்த்துப் பேசியதும் இல்லை. வீட்டுக்கு ஏதாவது ஆனால் எடுப்பார். மொசைக்கில் கீறல், சுவரில் எண்ணெய்க் கை, ஜன்னல் கண்ணாடியில் விரல் அச்சு. மில்லிலிருந்து வந்ததும் செருப்பை விட்டுவிட்டு, குனிந்து, வெளிச்சத்துக்கு எதிராகத் தரையைப் பார்த்துக்கொண்டே வருவார். அப்படிக் குனிந்து வருகிற தலையை நினைத்தால் இன்றைக்கும் அவள் கண் தானாகத் தரையில் கீறல் தேடுகிறது. கண்டுபிடித்துவிட்டால் சத்தம் போட மாட்டார். "ராமாத்தா, இங்க வா," என்று அம்மாவைக் கூப்பிடுவார், அவ்வளவுதான். பதினோரு வயதில் அவள் ஒரு திட்டம் வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் இந்தக் கூடத்தில் தலைக்கு மணைக்கட்டை வைத்து மல்லாந்து தூங்குவார், வாய் திறந்திருக்கும், அம்மிக் குழவியைத் தூக்கி அந்த நெற்றியில் போட்டுவிட வேண்டும். குழவியைத் தூக்கிப் பார்த்தாள். தூக்க முடிந்தது. கூடம் வரைக்கும் நடந்தும் பார்த்தாள். அதற்கப்புறம் ஏன் திரும்பிப் போனாள் என்று அவளுக்குத் தெரியாது, கருணை என்று மட்டும் சொல்ல முடியாது. தரையில் ரத்தம் பட்டால் யார் அடிவாங்குவது என்று தோன்றியிருக்கும். அப்படித்தான் யோசிக்கப் பழகியிருந்தாள். இப்போது நரைத்த தலையோடு உட்கார்ந்து, ஆஸ்பத்திரிக் கட்டிலில் தம்பி கையைப் பிடித்தபடி தொண்ணூற்றாறில் நிம்மதியாகச் செத்துப்போன மனிதரை, அம்மிக் குழவியால் இன்னொரு முறை அடித்தாள். அவருடைய மண்டை உடைகிற சத்தமும் டைல்ஸ் உடைகிற சத்தமும் ஒன்றாகக் கேட்டது. மனசுக்கு இதமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

"ஏனுங்கம்மா, இதென்னுங்க இது?" என்று மயில்சாமி திரும்பினான். கதவின் இடுப்பளவில் நாலு திருகாணி ஓட்டைகள், பட்டி வைத்து அடைத்தது. "மேல ஒரு தாப்பா இருக்குது, அது ஒண்ணு போதும். கீழ இன்னொண்ணு எதுக்குப் போட்டாங்க? ஆளு குனிஞ்சு போடோணும்." உள்ளேயிருந்து நந்து ஓடி வந்தான். அறுபதைத் தொடப்போகிறவன், பள்ளிக்கூடப் பையன்போல் முகம். கையில் துணியில் சுற்றியிருந்ததைப் பிரித்தான், பித்தளைத் தாழ்ப்பாள், பளபளவென்று. "நான் சொல்லலை? அறுபத்தொம்பது பொங்கல் போட்டோல தெரியுது, அதப் பார்த்துத்தான் இதைச் செய்யச் சொன்னேன். எதுக்குன்னு தெரியுமா மயில்சாமி? குழந்தைகளுக்கு எட்டறதுக்கு! எங்கப்பா அந்தக் காலத்துலயே குழந்தைகளை மனசுல வெச்சு டிசைன் பண்ணியிருக்கார் பாருங்க. என்ன மனுசன்!" வசந்தாமணி டீயைக் குடித்தாள், ஆடை உதட்டில் ஒட்டியது. குழந்தைக்கு எட்டத்தான் போட்டது, அது சரிதான். போட்டது அம்மா. அப்பா மில்லுக்குப் போன ஒரு செவ்வாய்க்கிழமை, அம்மா தானாகப் போய் வீதியில் போன ஒரு ஆசாரியைக் கூப்பிட்டு வந்து, பூனை கதவைத் தள்ளிப் பாலைக் குடித்துவிடுகிறது, கீழே ஒரு தாழ்ப்பாள் போடு என்றாள். வீட்டில் பூனையும் கிடையாது, ஸ்டோர் ரூமில் பால் வைக்கிற வழக்கமும் கிடையாது. ஆசாரி போனதும் அம்மா அவளைக் கூப்பிட்டு, தாழ்ப்பாளை ஒருமுறை போட்டுக் காட்டி, ஒருமுறை எடுத்துக் காட்டி, அவளையும் போட்டுப் பார்க்கச் சொன்னாள். போட்டாள், சுலபமாக எட்டியது. "செரி, போயிப் படி," என்றாள் அம்மா. எதற்கு என்று இவளும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அப்பா கேட்டதற்கும் அதே பூனைதான். அந்தச் சின்னத் தாழ்ப்பாள் ஒன்றுதான் இந்த வீட்டில் அம்மா கட்டியது.

அதற்குப் பிறகு அது அவளுடைய வேலை ஆயிற்று. "ராமாத்தா, இங்க வா" என்ற குரல் கேட்டதும் நந்து எங்கே இருந்தாலும் தூக்கிக்கொண்டு வந்து ஸ்டோர் ரூமுக்குள் விடுவாள். மூன்று வயசுக் குழந்தை, நல்ல கனம். கையில் நாட்டுச் சர்க்கரை டப்பாவையும் ஒரு எவர்சில்வர் ஸ்பூனையும் கொடுப்பாள், தின்னுட்டுக் கம்முனு இரு சாமி என்பாள், கதவைச் சாத்தி, கீழ்த்தாழ்ப்பாளைப் போட்டு, முதுகைக் கதவில் கொடுத்து நின்றுகொண்டு பன்னிரண்டாம் வாய்ப்பாட்டைச் சத்தமாக ஆரம்பிப்பாள். அவனுக்கு அடி விழுகிற சத்தம் கேட்கக் கூடாது, அவருக்கு இவன் அழுகிற சத்தம் கேட்கக் கூடாது, இரண்டுக்கும் நடுவில் அவளுடைய வாய்ப்பாடு. அப்பா அதைப் படிக்கிற பிள்ளையின் லட்சணம் என்று நினைத்தார். ஒருமுறை அடிப்பதை நிறுத்தி, மூச்சு வாங்கிக்கொண்டு, "ஏழு பன்னெண்டு எம்பத்தினாலு, முழுங்காம சத்தமாச் சொல்லு" என்று திருத்தினார். திருத்திவிட்டு அடித்தார். உள்ளே இவன் சர்க்கரையைத் தின்னவில்லை. ஸ்பூனால் கதவைச் சுரண்டினான். முதுகுக்குப் பின்னால், இடுப்புக்குக் கீழே, கர்ர் கர்ர் என்று ஓயாமல் சுரண்டினான். ஐம்பத்தாறு வருஷமாக அந்தச் சுரண்டல் அவள் முதுகிலேயே இருக்கிறது. நந்துவுக்கு ஒன்றும் நினைவில்லை. அப்பா லாம்ப்ரெட்டாவில் முன்னால் நிற்கவைத்துக் கூட்டிப்போனது நினைவிருக்கிறது, உடம்பு சரியில்லாதபோது அல்வா வாங்கிவந்தது நினைவிருக்கிறது. ஆனால் இனிப்புத் தொட மாட்டான், ஏனோ பிடிக்காது என்பான். அறைக் கதவைச் சாத்தித் தூங்க மாட்டான். லிஃப்டில் ஏறினால் கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுவென்று பன்னிரண்டாம் வாய்ப்பாடு சொல்கிறானாம், அவன் பெண்டாட்டி போனில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள், "அவருக்கே ஏன்னு தெரியலையாம் அண்ணி." அன்றைக்கு வசந்தாமணி போனை வைத்துவிட்டு, திருப்பூர் வீட்டுச் சமையலறைத் தரையில் உட்கார்ந்து, தன் கன்னத்தில் தானே மாறி மாறி அறைந்துகொண்டாள். வலிக்கிற வரைக்கும் அறைந்தாள். முப்பது வருஷம் ஆரம்பப் பள்ளியில் டீச்சராக இருந்து ஒரு பிள்ளையைக் கைநீட்டி அடித்ததில்லை என்று ரிட்டயர்மென்ட் அன்று மாலை போட்டுப் பேசினார்களே, அந்தக் கைகள்தான்.

"சித்தெ இந்தப் பக்கம் புடிங்க," என்றான் மயில்சாமி. நந்து ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம், கதவைத் திருப்பிச் சாத்தினார்கள். அவ்வளவு சாதாரணமாகத் திருப்பினார்கள். உள்பக்கம் மேலே டுட்டோரியல்காரர்கள் அடித்த கிரீம் வண்ணம். அதை முதலில் உரித்தான். அடியில், அவர்களுக்கு முன்னால் வாடகைக்கு இருந்த பாங்க்காரக் குடித்தனத்தின் மஞ்சள். மயில்சாமி மேலிருந்து கீழே வந்துகொண்டிருந்தான், இன்னும் நெஞ்சு உயரம். அவன் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஓங்கி ஒன்று போட்டால் ஒரு வாரத்துக்கு வேலைக்கு வர மாட்டான் என்று நினைத்தாள். என்ன கேவலமான நினைப்பு, என்றும் நினைத்தாள். மஞ்சளுக்கு அடியில் ஆகாய நீலம், அது அம்மா அடித்தது, எழுபதில், நந்து பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வாரம். கீறலில் எல்லாம் சாக்பீஸ் தூளையும் சோப்பையும் குழைத்து அப்பி, மேலே தன் கையாலேயே நீலம் பூசினாள். காது கேட்காததால் பின்னால் இவள் வந்து நின்றது தெரியாமல் பூசிக்கொண்டே இருந்தாள். இடது காது. அது போனது அந்த நாளில்தான். அந்த நாளுக்கு வந்தால் வசந்தாமணியின் மனசு எப்போதும் ஒரு இடத்தில் இடறி நிற்கும், ஒரு பன்னெண்டு பன்னெண்டு, ரெண்டு பன்னெண்டு இருபத்தினாலு, சரளமாக ஏழு வரைக்கும் போகும், எட்டில் நிற்கும். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான், ஏழு வரைக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டு, எட்டாவதை நீங்களே சொல்லுங்க பார்க்கலாம் என்று பிள்ளைகளிடம் விட்டுவிடுவாள், அவர்கள் கத்துவார்கள். அன்றைக்கு நந்து வெண்கலப் பானையைத் தரையில் இழுத்து மொசைக்கில் கோடு போட்டுவிட்டான், ஒரு முழ நீளம். நான்தான் இழுத்தேன் என்றாள் அம்மா. அவர் நம்பவில்லை. "பையன் எங்க?" என்று முதல் தடவையாகக் கேட்டார், கையில் பெல்ட்டோடு. இவள் அதற்குள் அவனை உள்ளே விட்டிருந்தாள், அவன் அழ ஆரம்பித்திருந்தான், சர்க்கரைக்கும் மசியாமல் வீறிட ஆரம்பித்திருந்தான். கொடியில் கிடந்த ஈரிழைத் துண்டை எடுத்து அவன் வாயில் வைத்து, சுற்றி, பின்னந்தலையில் முடிச்சுப் போட்டாள். இறுக்கித்தான் போட்டாள். தாழ்ப்பாளைப் போட்டாள். "வெளையாடப் போயிட்டானுங்கப்பா," என்றாள். வாய்ப்பாட்டை ஆரம்பித்தாள். ஏழு பன்னிரண்டு சொல்லும்போது அவர் அடிப்பதை நிறுத்திவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்டார். அவளும் கேட்டாள். உள்ளே சத்தமே இல்லை. ஸ்பூன் சுரண்டவில்லை. அவளுக்கு அப்பாடா என்று இருந்தது. ஆமாம், அப்பாடா என்றுதான் இருந்தது, அதை எப்படி மாற்றிச் சொன்னாலும் அது அப்படித்தான் இருக்கிறது, ஒரு குழந்தை மூச்சு இல்லாமல் அடங்கிப்போனதற்கு அவள் உள்ளம் குளிர்ந்தது. அப்புறம்தான் எட்டு பன்னிரண்டு வரவில்லை. அவர் மறுபடி பெல்ட்டை ஓங்கினார், அம்மாவின் காதோரம் விழுந்தது. இவள் எட்டை விட்டுவிட்டு ஒன்பதுக்குப் போய், பன்னிரண்டு வரைக்கும் முடித்து, அவர் பெல்ட்டை மாட்டிவிட்டுக் கால் கழுவப் போன பிறகுதான் தாழ்ப்பாளை எடுத்தாள். அவன் உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது. முடிச்சு அவிழவில்லை, பல்லால் கடித்து இழுத்தாள். துண்டு வந்ததும் அவன் மூச்சை இழுத்த சத்தம் இருக்கிறதே. அம்மா காதைப் பொத்திக்கொண்டு, விரல் இடுக்கில் ரத்தம் வழிய, தவழ்ந்து வந்து அவனைப் பார்த்தாள். பிறகு இவளைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமலே அம்மாவையும் எண்பத்தொன்பதில் எரித்தாயிற்று. மறுநாள் அந்தத் துண்டு அடுப்படியில் கரித்துணியாகக் கிடந்தது.

மயில்சாமி ஹீட் கன்னை நிறுத்தினான். நீலம் போய்த் தேக்கு தெரிந்தது. இடுப்புக்குக் கீழே, ஒரு குழந்தையின் கை எட்டுகிற உயரம் வரைக்கும், பட்டி பொரிந்து உதிர்ந்து, மரத்தில் கோடு கோடாகப் பள்ளம். நெடுக்கும் குறுக்குமாக, சில இடத்தில் அரை விரல் ஆழம். "அடேங்கப்பா," என்றான் மயில்சாமி. நந்து குந்தி உட்கார்ந்து பார்த்தான், ஒரு பள்ளத்தில் நகத்தை வைத்து மேலிருந்து கீழே ஓட்டினான். "அக்கா, நாம நாய் வளத்தினமா?" ஒரு கணத்தில் அவளுக்கு நாய் கிடைத்துவிட்டது. செவலை நாய், ஒரு காது மடங்கினது, நீ சின்னப் பிள்ளை, உனக்கு ஞாபகம் இருக்காது, கார்ப்பரேஷன்காரன் பிடித்துக்கொண்டு போய்விட்டான். பெயர்கூட வந்துவிட்டது. வாயைத் திறந்தால் போதும், இன்றோடு எல்லாம் முடிந்தது. ஒரு சொல், ஆமாம் என்று ஒரே ஒரு சொல். நந்து பள்ளத்தைத் தடவிக்கொண்டே சொன்னான், "உள்ள வெச்சுப் பூட்டிட்டாங்க போல. வெளிய வரதுக்கு என்னமாப் பிராண்டியிருக்குது. ஐயோ பாவம்." அந்தப் பாவம் என்ற சொல் காதில் விழுந்ததும் அவளுக்குள் எதுவோ அறுந்தது. இத்தனை வருஷத்தில் அந்தக் குழந்தையைப் பார்த்துப் பாவம் என்று சொன்னவர் ஒருவரும் இல்லை.

"நாய் இல்ல நந்து," என்றாள். "நீ."

அவன் சிரித்தான். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினான். மயில்சாமி ஹீட் கன் வயரைச் சுருட்ட ஆரம்பித்தான், சுருட்ட வேண்டிய அவசியமே இல்லை. "நானா?" என்றான் நந்து. கையிலிருந்த பித்தளைத் தாழ்ப்பாளைப் பார்த்தான், கதவைப் பார்த்தான். "ஆரு என்னைய உள்ள வெச்சுத் தாப்பாப் போட்டது? அப்பாவா?" இதோ இன்னொரு வழி, இது முன்னதைவிடச் சுலபம். செத்தவர் தலையில் போட்டுவிடலாம், பாதி உண்மையும்கூட, சாமிகூட மன்னித்துவிடும். வசந்தாமணி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். "நான்," என்றாள். "அப்பா அம்மாவை அடிக்கறப்பெல்லாம் நாந்தான் உன்னைய உள்ள போட்டுத் தாப்பாப் போட்டேன். அந்தத் தாப்பாவும் அப்பா வெச்சதில்ல, எனக்கு எட்டோணும்னு அம்மா வெச்சது. அது தொப்பி மாட்டற கொக்கி இல்ல நந்து. அதுல பெல்ட்டு தொங்கும்." அவன் கொக்கியைத் திரும்பிப் பார்த்தான். அவள் நிறுத்தவில்லை, நிறுத்தினால் அடுத்தது வராது என்று தெரியும். "ஒரு நாள் நீ அழுதே. கேட்டா உன்னைய அடிப்பாருன்னு வாயில துண்டை வெச்சுக் கட்டிப்போட்டேன். நீ நீலம் பாரிச்சுட்டே. சத்தம் வரலைன்னதும் எனக்கு நிம்மதியா இருந்துச்சு கண்ணு. நான் வாய்ப்பாடு சொல்லி முடிச்சுட்டுத்தான் தொறந்தேன்."

நந்து எழுந்தான். தாழ்ப்பாளைக் கீழே போட்டான், மொசைக்கில் விழுந்து ஓசை எழுந்தது. மயில்சாமியின் சுத்தியலை எடுத்துக்கொண்டு சுவருக்குப் போய், தொப்பியை ஒரு வீச்சில் தள்ளிவிட்டு, கொக்கியின் மேல் ஓங்கி அடித்தான். காரை தெறித்தது. இன்னொன்று அடித்தான். வளைந்ததே தவிர வரவில்லை. அவன் தோள் ஏறி இறங்குகிற விதம், அடிக்கு முன் ஒரு கணம் மூச்சைப் பிடிக்கிற விதம், அந்த முதுகு, அவளுக்கு எல்லாம் தெரிந்த முதுகு. அவன் அடிப்பது கொக்கியையா, அப்பாவையா, தன்னையா என்று அவளுக்குத் தெரியவில்லை. சுவர் பெயர்ந்து செங்கல் தெரிந்தது, அவன் நிறுத்தவில்லை, புதிதாகப் போட்ட கறுப்பு ஸ்விட்ச் இரண்டு சிதறி விழுந்தன, அவன் வாயிலிருந்து ஏதோ உறுமல் வந்துகொண்டிருந்தது. "சார், சார், வேண்டாமுங்க சார்," என்று மயில்சாமி தள்ளி நின்று கத்தினான். அவள் கால்கள் அவளைக் கேட்காமலே நடந்தன. முழங்கால் வலியெல்லாம் எங்கே போயிற்றோ. ஸ்டோர் ரூம் வாசலில் கதவு இல்லை, வெறும் நிலைதான், உள்ளே யாரும் இல்லை, இரண்டு சிமென்ட் மூட்டை இருந்தது. அந்த நிலையில் முதுகைத் திருப்பிக்கொண்டு, இரண்டு கைகளையும் நிலைக்கால்களில் ஊன்றி, உள்ளே இருக்கிறவனுக்குக் கேட்கவிடாமல் நின்றாள். வாய் தானாக ஆரம்பித்தது. ஒரு பன்னெண்டு பன்னெண்டு. ரெண்டு பன்னெண்டு இருபத்தினாலு. அறுபத்தேழு வயசுத் தொண்டையில் பதினோரு வயசுக் குரல். மூணு பன்னெண்டு முப்பத்தாறு. சுத்தியல் விழுந்துகொண்டே இருந்தது, அவள் சத்தத்தை ஏற்றினாள். நாலு பன்னெண்டு நாப்பத்தெட்டு, அஞ்சு பன்னெண்டு அறுபது. ஆறில் அடி ஒன்று தவறிச் சுவரில் விழுந்தது. ஏழு பன்னெண்டு எம்பத்தினாலு. எட்டு பன்னெண்டு.

எட்டு பன்னெண்டு.

சுத்தியல் நின்றிருந்தது. பாத்ரூமிலும் சத்தம் இல்லை, டைல்ஸ் உடைத்தவர்களும் வந்து எட்டிப்பார்த்துக்கொண்டு நின்றார்கள். நந்து ஓங்கிய கையை இறக்காமல், உடம்பெல்லாம் காரைத் தூளோடு திரும்பி, நிலையை அடைத்து நிற்கிற அக்காவைப் பார்த்தான். எங்கேயோ ஒரு லிஃப்டுக்குள் நிற்கிறவன்போல் அவன் உதடு அசைந்தது.

"தொண்ணூத்தாறு," என்றான்.